பூச்சி உருண்டை

காலை ஆறரை மணிக்கு எங்கள் தெருவுக்குள் யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது பக்கத்து வீட்டு அக்காதான். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, கையில் ஒரு வேப்பங்குச்சி. தன் வீட்டு கேட்டுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாய்ப் பீயைக் கிளறிக்கொண்டிருப்பார். அவசரமே இருக்காது. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுமையாகப் பார்ப்பார். பால் ஊற்ற வருகிறவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நழுவப் பார்ப்பார். அக்கா விடமாட்டார்.

"ஏனுங்க, சித்தே நில்லுங்க. உங்கூட்டு நாய்க்கு வெளிய எப்படிப் போகுதுங்க? தண்ணியாட்டவா, கட்டியாவா?"

பாவம், அந்த மனுஷன் பால் கேனைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லி முடித்ததும் அக்கா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "உள்ள போறதை மட்டும் பாத்தாப் பத்தாதுங்க, வெளிய வாரதையும் பாக்கோணும்" என்பார். இதை அவர் சொல்லி நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். காலையில் காப்பி டம்ளரை வாயில் வைக்கிற நேரம் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து இது கேட்கும். காப்பி இறங்குமா?

எங்கள் சைட் காரமடையிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர். தென்னந்தோப்பை அழித்துப் போட்டது, மொத்தமே ஒன்பது வீடு. பன்றி வரும், மயில் வரும், வீடு பூட்டியிருந்தால் திருடனும் வருவான். அதனால் வீட்டுக்கு ஒரு நாய். எங்கள் வீட்டில் ராஜா. பக்கத்தில் அக்கா வீட்டில் செம்பி என்று ஒரு பெட்டை, செம்மண் நிறத்தில் இருக்கும். அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கும், எனக்கு நாற்பது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள் ஈரோட்டில். செம்பியும் அவருமாகத்தான் இருந்தார்கள்.

எங்கள் பக்கம் எல்லோரும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம், அதில் அதிசயமில்லை. அக்கா நாயிடமும் அப்படித்தான் பேசுவார். "வாங்க சாமி. ஆ காட்டுங்க. அவ்வளவுதானுங்க, முழுங்கிப்போடுங்க." செம்பி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்கும், முழுங்கியும்போடும். என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்னையக்கூட ஒரு நாளும் நீ இத்தனை மரியாதையாக் கூப்பிட்டதில்ல" என்பார். நான் முறைத்தால் வாயை மூடிக்கொள்வார்.

முழுங்கச் சொன்னது பூச்சி உருண்டை. நாய் வயிற்றில் இருக்கிற பூச்சிக்கு அக்கா தன் கையால் செய்கிற மருந்து. பழுத்த பப்பாளியின் விதையைச் சாம்பல் போட்டுக் கசக்கி, கழுவி, நிழலில் காயவைத்துப் பொடி பண்ணுவார். அதோடு பூசணி விதை, வேப்பங்கொழுந்து, மகள் ஈரோட்டிலிருந்து கொடுத்தனுப்புகிற மஞ்சள் ஒரு சிட்டிகை. கசப்பு தெரியாமல் இருக்கக் கொஞ்சம் கருவாட்டுத் தூள். எல்லாவற்றையும் ராகி மாவில் பிசைந்து சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி எவர்சில்வர் டப்பாவில் வைத்துக்கொள்வார். அமாவாசைக்கு அமாவாசை ஒன்பது வீட்டுக்கும் டப்பாவோடு வருவார். "இன்னிக்குத்தானுங்க பூச்சி அசையும், இன்னிக்குக் குடுத்தாத்தான் புடிக்கும்" என்பார். உருண்டையை நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிற வழக்கம் கிடையாது. நாய் விழுங்கி, நாக்கால் மூக்கை நக்குகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீடு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அக்கா செய்ததில் பாதி சரியான காரியம். நாய் இருந்த இடத்தில் ஒரு பொட்டு அசிங்கம் கிடக்காது. உடனே வாரிக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடிவிடுவார். செம்பி படுக்கிற சாக்கை இரண்டு நாளைக்கு ஒரு தடவை உதறிச் சுள்ளென்ற வெயிலில் போடுவார். வேப்பெண்ணெய் தடவி உண்ணியும் தெள்ளும் எடுப்பார். எலியைப் பிடித்துத் தின்னவிடமாட்டார், பச்சைக் கோழிக் குடல் போடமாட்டார். நான் வேலை பார்க்கிற கடைக்கு வருகிற கால்நடை டாக்டரம்மாவிடம் இதை ஒரு தடவை சொன்னேன். "எல்லாம் கரெக்ட்டுங்க, தெள்ளுல இருந்துகூடப் பூச்சி வரும். இதோட மாத்திரையும் குடுத்தா அந்த நாய்க்கு ராஜ வாழ்க்கைதான்" என்றார்.

அந்த மாத்திரைதான் அக்கா வீட்டுக்குள் நுழையாது.

நான் காரமடையில் ஒரு கால்நடை மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். ஆடு, மாடு, கோழி, நாய் எல்லாவற்றுக்கும் மருந்து விற்கிற கடை. கடையில் நின்றால் எனக்கு வாய் அதிகம். "ஆட்டு மருந்தை நாய்க்கு ஊத்திப்போட்டு இங்க வந்து நிக்காதீங்க" என்று எத்தனையோ பேரைக் கடித்திருக்கிறேன். முதலாளியே, "அம்மணி, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, யாவாரம் போயிரும்" என்பார். அப்படிப்பட்ட நான் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்கு முன்னால் நாலு வருஷம் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அக்காவின் வீட்டுக்காரர் எட்டு வருஷம் படுக்கையில் கிடந்தவர். சர்க்கரை, பிறகு கிட்னி. வேளைக்கு ஏழெட்டு மாத்திரை. அத்தனையும் அக்காதான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். ஒரு வேளை தவறவில்லை. அப்படியும் மனுஷன் போய்விட்டார். நாங்கள் அந்தச் சைட்டுக்குக் குடி வந்த புதிதில் ஒரு நாள் அக்கா இரண்டு உள்ளங்கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"இந்தக் கையிலதானுங்க கண்ணு அத்தனை மாத்திரையும் எடுத்துக் குடுத்தேன். என்ற கை வெளங்காத கைங்க. நட்டு வெச்ச செடிகூடப் பட்டுப்போகுது."

சும்மா சொன்னதில்லை அது. அப்போது அவர் வீட்டில் ஒரு செடி இல்லை. கோலம்கூடப் போடமாட்டார். யாராவது கைக்குழந்தையை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அங்கயே இருக்கட்டுங்க" என்று தள்ளி நின்று கொஞ்சுவார்.

செம்பி தானாக வந்து அவர் கேட்டில் படுத்த நாய். அதற்காக யாரையோ கேட்டு, எதிலோ படித்து உருண்டை உருட்ட ஆரம்பித்தார். செம்பிக்கு அடுத்தபடியாக அந்த டப்பா எங்கள் ராஜாவைத்தான் தேடி வந்தது. ராஜா அப்போது பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்துகொண்டிருந்தான். தின்றதெல்லாம் வீண், விலா எலும்பு தெரிந்தது. அக்கா உருண்டை கொடுத்தார், நான் வாங்கி ஊட்டினேன். கையில் கொண்டுவந்து கொடுக்கிறதை வேண்டாம் என்று சொல்லி எங்கள் பக்கம் பழக்கமில்லை. மறுநாள் கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்து, எடைக்குத் தகுந்தபடி, தயிர்ச்சோற்றில் வைத்துக் கொடுத்துவிட்டேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை அக்கா குச்சியோடு வந்து கிளறியபோது நூடுல்ஸ் மாதிரி ஒரு பந்து பூச்சி வெளியே கிடந்தது. அக்கா என்னைக் கூப்பிட்ட கூப்பாட்டில் நாலு வீட்டுக் கதவு திறந்தது.

"கண்ணு! ஓடியாங்க, ஓடியாங்க! எத்தனை பூச்சி பாருங்க! கேட்டுருச்சுங்க!"

கண்ணில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். "என்ற கை பட்டு ஒண்ணு பொழைச்சுதுங்க" என்றார்.

அந்த முகத்துக்கு முன்னால் நான் என்ன சொல்லுவேன்? "உங்க மருந்துதானுங்க அக்கா" என்றேன். சாயங்காலம் ஒரு சீப்பு பூவன்பழத்தோடு போய் இன்னொரு தடவையும் சொல்லிவிட்டு வந்தேன். போயும் போயும் ஒரு பூச்சி மருந்து விஷயம், இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

பிறகு தெருவே அந்த வழிக்கு வந்துவிட்டது. அமாவாசைக்கு உருண்டை, அடுத்த இரண்டு மூன்று நாளில் மாத்திரை. மாத்திரை என் கைப்பையில்தான் வரும். கேட்டில் நின்று சத்தம் இல்லாமல் வாங்கிக்கொள்வார்கள். "அக்காவுக்குத் தெரிய வேண்டாமுங்க, மனசு நொந்துபோகும்" என்று ஒவ்வொருவரும் எனக்கே சொல்லுவார்கள், என்னவோ எனக்குத் தெரியாத மாதிரி. வாட்ஸாப் குரூப்பில் கை கூப்புகிற படமாகப் போட்டுத் தள்ளுவார்கள். 'அக்கா உருண்டை சூப்பர்', 'எங்க டைகருக்கு ரெண்டே நாள்ல பூச்சி போச்சு', 'டாக்டர் அக்காவுக்கு நன்றி'. அக்கா ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். எனக்கும் எடுத்துக் காட்டுவார். நான் அதே குரூப்பில் இருக்கிறேன் என்பது அவருக்கு மறந்துபோகும்.

அக்கா மாறிவிட்டார். அதையும் சொல்ல வேண்டும். வாசலில் கோலம் வந்தது. பொடக்காளியில், அதுதான் வீட்டுக்குப் பின்பக்கம், பப்பாளி வைத்தார், எலுமிச்சை வைத்தார். இரண்டும் பிடித்துக்கொண்டன. ஐந்தாம் வீட்டுக் கண்டக்டருக்குப் பேத்தி பிறந்தபோது தானே போய்த் தூக்கிக் குளிப்பாட்டினார். குழந்தையின் எண்ணெய் வழிகிற முதுகை அந்தக் கை தடவுவதைப் பார்த்தபோது, நாம் சொன்ன பொய் நல்ல பொய்தான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மடச்சி.

ஊரில் அக்கா உருண்டையை மட்டும் நம்பியிருந்த நாய் செம்பி ஒன்றுதான். சுத்தமான வாசல், வெயிலில் காய்ந்த சாக்கு, வளர்ந்த நாய். அதற்கு ஒன்றும் வெளியே தெரியவில்லை. நாலாவது வருஷம் அது ஐந்து குட்டி போட்டது.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பழைய மரப்பெட்டியில் சாக்கு விரித்து, எலுமிச்சை மரத்தடியில் நிழல் பார்த்து வைத்தார். செம்பிக்குக் கருவாட்டுக் குழம்பு, ராகிக் களி. "பெத்தவிகளுக்குப் பால் ஊறோணுமுங்க" என்பார். குட்டிகளுக்கு மூன்று வாரம் ஆனதும் உருண்டையைப் பாலில் கரைத்து விரல் நுனியால் நாக்கில் தடவினார். தாய் வயிற்றில் இருக்கிற பூச்சி பால் வழியாகவே குட்டிக்குப் போகும், இரண்டு வாரத்தில் மருந்து கொடுத்தாக வேண்டும். கடையில் வருகிறவர்களுக்கு நான் ஒப்பிக்கிற பாடம் இது. அக்காவுக்கு ஒப்பிக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், பக்குவமாக ஒரு வார்த்தை வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை சாயங்காலம் அக்கா மதில் ஓரம் வந்தார். "குட்டிக சுருண்டு சுருண்டு படுக்குதுங்க கண்ணு. பால் குடிக்கறதில்ல. நாளைக்கு லீவுதானுங்களே, வந்து ஒரு பார்வை பாத்துப்போட்டுப் போங்க" என்றார். நான் உடனே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், குட்டிகளுக்கு ஊற்றுகிற பூச்சி சிரப் ஒரு பாட்டில், அதோடு சொட்டு விடுகிற டிராப்பர், இரண்டையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். பெட்டிக்குள் நாலு குட்டி ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. ஐந்தாவது மட்டும் தட்டுத் தடுமாறி என்னிடம் வந்தது, தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். உதட்டைப் பிதுக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைத் தாளாக இருந்தது. பெட்டி ஓரத்தில் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசு என்று வெளியே போயிருந்தது. கொக்கிப்புழு. குடலைக் கவ்விக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிற புழு, நூலைவிடச் சின்னது.

"காலையில இருந்து நானும் கிளறிக் கிளறிப் பாக்கறேனுங்க" என்றார் அக்கா. "ஒரு பூச்சி இல்ல. சுத்தமாத்தான் இருக்குது. இது சூடுங்க கண்ணு. நாளைக்கு இன்னொருக்கா உருண்டை கரைச்சுக் குடுத்துப்போட்டாச் செரியாப் போயிரும்."

அந்தப் புழு குச்சிக்கும் தெரியாது, கண்ணாடிக்கும் தெரியாது. அது எனக்குத் தெரியும்.

"டாக்டரம்மாகிட்ட ஒருக்காக் காட்டிப்போடலாங்களா அக்கா?" என்றேன்.

"எதுக்குங்க? ஊசியும் மாத்திரையும் இந்தப் பச்சை மண்ணு தாங்குமா?" என்று அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "உங்க ராஜாவுக்கு மூணே நாள்ல கேட்டுச்சு. டைகருக்குக் கேட்டுச்சு. கண்டக்டரூட்டு மணிக்குக் கேட்டுச்சு. இத்தனை பேருக்குக் கேட்டது என்ற பிள்ளைகளுக்குக் கேக்காதுங்களா?"

நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். பையின் ஜிப்பில் கை இருந்தது. சொல்லியிருந்தால் நாலு வருஷத்தைச் சொல்ல வேண்டும், பூவன்பழத்தைச் சொல்ல வேண்டும், எட்டு வீட்டையும் காட்டிக் கொடுக்க வேண்டும்.

"ஆகட்டுங்க அக்கா" என்றேன்.

"இருங்க, மோர் கொண்டாரேன்" என்று அவர் உள்ளே போனார்.

பாட்டிலைத் திறந்தேன். மடியில் இருந்த குட்டியின் வாயோரத்தில் டிராப்பரை வைத்து அழுத்தினேன், அது சப்புக்கொட்டி விழுங்கியது. இரண்டாவது தடவை டிராப்பரில் மருந்தை ஏற்றிக்கொண்டு பெட்டிப் பக்கம் திரும்பினேன். கைக்கெட்டுகிற தூரத்தில் நாலு குட்டி. அடுப்படியில் டம்ளர் சத்தம், பிறகு செருப்புச் சத்தம். திருட்டுப் பூனை மாதிரி எல்லாவற்றையும் பைக்குள் திணித்தேன். மூடி சரியாக மூடவில்லை, மருந்து பைக்குள் ஒழுகுவது தொடையில் ஈரமாகத் தெரிந்தது. அக்கா மோரை நீட்டினார். குடித்தேன். "பெருங்காயம் தூக்கலா நல்லா இருக்குதுங்க அக்கா" என்றேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

திங்கட்கிழமை கடையில் சரக்கு வந்தது, வீடு வர நேரமாகிவிட்டது. இது சாக்கு என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை அக்கா எலுமிச்சை மரத்தடியில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு குட்டி. கேட்டில் தெருக்காரர்கள் நாலைந்து பேர் துக்கம் விசாரிக்க வந்து நின்றார்கள். எல்லோரும் என்னிடம் மாத்திரை வாங்குகிறவர்கள்.

"குட்டிகன்னா அப்படித்தானுங்க அக்கா. அஞ்சுல ரெண்டு தங்கினாப் பெரிசு" என்றார் ஐந்தாம் வீட்டுக்காரர், பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சொல்லிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் குழியைப் பார்த்தோம். எவ்வளவு மரியாதையான ஜனங்கள் நாங்கள்.

புதன்கிழமை ஒன்று. வியாழக்கிழமை ஒன்று. அந்த நாலாவது குட்டி அவர் உள்ளங்கையிலேயே, உருண்டை கரைத்த பாலை நாக்கில் தடவும்போதே போனது. "இன்னும் சித்தே குடிங்க சாமி, இன்னும் சித்தே" என்கிற குரல் மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது.

மடியில் இருந்த குட்டி மட்டும் பிழைத்தது.

டாக்டரம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அத்தனை ரத்தம் போனதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு எப்படியும் போயிருக்கலாமுங்க, சொல்ல முடியாது. ஆனா ஒரு பாட்டில் பத்துக் குட்டிக்குப் பத்துமே. அதைக் கையில வெச்சுக்கிட்டா மோர் குடிச்சீங்க?" என்றார்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு அக்காவைக் காணோம். குச்சி கேட்டில் சாத்தியபடி கிடந்தது. உள்ளே போனேன். பின்வாசல் படியில் உட்கார்ந்து உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். செம்பி அவர் காலடியில் படுத்திருந்தது.

"அப்பவே சொன்னனுங்களே கண்ணு. வெளங்காத கைன்னு. நடுவுல நாலு வருசம் நாந்தான் மறந்துபோட்டேன்."

அதற்கு மேல் தாங்கவில்லை. கொட்டிவிட்டேன். உருண்டையால் எந்த நாய்க்கும் பூச்சி போகவில்லை, ராஜாவுக்கு நான் மாத்திரை கொடுத்தேன், தெருவில் எல்லோரும் கொடுத்தார்கள், என் பையில்தான் வந்தது, உங்கள் கையில் ஒரு குற்றமும் இல்லை, குற்றம் எங்கள் பேரில் என்று மூச்சு விடாமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டிலை மட்டும் சொல்லவில்லை.

அக்கா, நம்ப மாட்டீர்கள், சிரித்தார். என் கன்னத்தைத் தொட வந்த கை பாதியில் நின்று மடிக்குத் திரும்பிவிட்டது.

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க. உங்க மனசு எனக்குத் தெரியாதுங்களா?" என்று போனை எடுத்து குரூப்பைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். கை கூப்பிய படங்கள், நன்றிகள், நாலு வருஷத்துச் சூப்பர்கள். "இத்தனை பேரு பொய் சொல்லுவாங்களாங்க கண்ணு?"

"பொய்தானுங்க அக்கா. சாமி சத்தியமாப் பொய்தானுங்க."

அவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனார். ஒவ்வொரு வீடாக. நான் கேட்டில் நின்று பார்த்தேன். அவர் கேட்கிறது கேட்கவில்லை, பதில் மட்டும் உரக்கக் கேட்டது. "சேச்சே, யாருங்க அப்படிச் சொன்னது?" "உங்க உருண்டைதானுங்க அக்கா, வேற என்ன இருக்குது?" கண்டக்டர் ஒரு படி மேலே போய், "காரமடை ரங்கநாதர் சத்தியமாங்க" என்றார். போன மாதம்தான் அவருக்கு இரண்டு மாத்திரை கொடுத்தேன். எல்லோரும் அவர் மனசு நோகக்கூடாது என்றுதான் சொன்னார்கள். அவர்களைச் சொல்லி என்ன, அந்த வழியைத் திறந்துவிட்டது நான்.

அக்கா திரும்பி வந்தார். முகத்தில் கோபமில்லை, கோபம் இருந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன்.

"கேட்டுப்போட்டு வாரேன் கண்ணு. எல்லாரும் ஒண்ணாத்தான் சொல்றாங்க. மருந்து நல்ல மருந்துதானுங்க. கைதான்."

அப்புறம் அந்த வாசலில் கோலம் இல்லை. எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. கண்டக்டர் வீட்டுப் பேத்தி ஓடிவந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். செம்பிக்கும் குட்டிக்கும் சோற்றை வட்டலில் போட்டுக் காலால் தள்ளிவிடுவார், கையால் தொடமாட்டார். அடுத்த மாதம் அக்காவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக மகள் கார் கொண்டுவந்தாள். ஈரோட்டில் அவள் இருக்கிறது ஃபிளாட், நாய்க்கு இடமில்லை. செம்பியைப் பால்காரர் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். தெருவே கேட்டில் நின்று வழியனுப்பியது. குரூப்பில் 'மிஸ் யூ அக்கா' என்று வரிசையாகப் போட்டார்கள்.

காரில் ஏறுகிறதுக்கு முன்னால் அக்கா என் வாசலுக்கு வந்தார். நான் கடைக்குக் கிளம்பி, அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். குட்டியை ஒரு பழைய துண்டில் சுற்றி, துண்டின் இரண்டு முனையை மட்டும் பிடித்துத் தூக்கி வந்திருந்தார், கை படாமல்.

"அன்னிக்கு உங்க மடியில இருந்தது இதுதானுங்க கண்ணு" என்றார். "நீங்க தொட்டது பொழைச்சுது. நான் தொட்ட நாலும் போச்சு. எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கோணும். அஞ்சையும் உங்க மடியில போட்டிருக்கோணும் நான்."

துண்டோடு வாங்கிக்கொண்டேன். குட்டி என் பையை முகர்ந்து, மருந்து ஒழுகிக் காய்ந்த இடத்தை நக்க ஆரம்பித்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். காரில் மகள் ஹாரன் அடித்தாள்.

"பாத்துக்குவீங்களா கண்ணு?" என்றார்.

"ஆகட்டுங்க அக்கா" என்றேன்.